ஒரு விரல் தள்ளி

அத்தியாயம் 11

கடைத் தொடுதிரையில் திங்கட்கிழமை இருண்ட பாதி செவ்வாய்க்கிழமையும் வெளுக்கவில்லை.

மிச்சப் பாதியில் போர்வைப் படமும் திரைச்சீலைப் படமும் மட்டும் தெரிந்தன. சட்டை, பேன்ட், கோட்டு மூன்றும் இருட்டுக்குள். எங்கள் சலவைக் கடைக்கு வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் சட்டையோடுதான் வருகிறார்கள். அத்தை இரண்டு நாளும் இருட்டைத் தொட்டே ரசீது போட்டார். ஒன்றுகூடத் தப்பவில்லை. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று அவர் விரலுக்குத் தெரியும்.

அத்தை என்றால் என் மனைவியின் அம்மா. மனைவி இறந்துபோய்ப் பத்து மாதம் ஆகிறது. நான் இன்னும் கடைக்கு மேலே இருக்கும் அறையில்தான் இருக்கிறேன். போகச் சொல்ல அவர்களுக்குத் தோன்றவில்லை. போக எனக்கும் தோன்றவில்லை.

புதன்கிழமை காலை மீதிப் பாதியும் இருண்டது.

"பாத்தியாம்மா, அதுவே கடையைச் சாத்திடுச்சு" என்றான் சின்னவன்.

சின்னவன் என் மைத்துனன். போன வருடம்வரை எங்களோடு கடையில் நின்றவன், இப்போது வெளியூரில் பேருந்து நிறுவனத்தில் டிக்கெட் பிரிவைப் பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கியவன் அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போக வந்ததாகச் சொன்னதும், அத்தை முடியாது என்றதும், இருவரும் இரண்டு நாள் பேசாமல் இருந்ததும் நடந்து முடிந்தவை. கடைசியில் ஒரு பந்தயம் போலத்தான் முடிவானது. புதுத் திரையில் அத்தை தனியாக ரசீது போட்டுக் காட்ட வேண்டும். முடிந்தால் கடை அத்தையிடம். முடியாவிட்டால் சாவி அவனிடம். கடையை வேறு யாருக்காவது விட்டுவிட்டு அத்தை அவனோடு கிளம்ப வேண்டும்.

அவன் கெட்டவன் இல்லை. அம்மா கால்வலியோடு தனியாக நிற்கிறாளே என்று உண்மையாகவே கவலைப்படுகிறான். அதனால்தான் அவனோடு சண்டை போடுவது கஷ்டம்.

நான் கல்லூரிக்கு விடுப்புச் சொன்னேன். இயற்பியல் ஆய்வகத்தில் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு அளவெடுக்கச் சொல்லித் தருவது என் வேலை. கடைக் கம்ப்யூட்டரின் பெட்டி சிறியது. கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டேன்.

"அது எதுக்கு மாமா? மானிட்டர்தானே வாங்கப் போறோம்?"

"நம்ம படம் வச்சுத் தொட்டுப் பாக்கணும்னு அத்தை சொன்னாங்க."

"போட்டுப் பாக்காம சட்டை வாங்குவியாடா நீ?" என்றார் அத்தை. கடைக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

---

மானிட்டர் கடை முழுக்கத் திரைகள். எல்லாவற்றிலும் ஒரே கடல், ஒரே மீன்.

விற்பனையாளருக்கு ஐம்பது வயது இருக்கும். கையில் மஞ்சள் துணி. எந்தத் திரையை யார் தொட்டாலும் உடனே துடைத்தார். தொடுதிரை விற்கிற மனிதருக்கு யாராவது தொட்டால் பிடிக்கவில்லை.

"யாருக்கு சார்? ஆபீசுக்கா, வீட்டுக்கா?"

"லாண்டரிக்கு."

"அப்ப ஈரக் கை." உதட்டைப் பிதுக்கினார். "ஈரத்துக்குன்னு தனியா இருக்கு. கையுறை போட்டாலும் கேக்கும். யாரு யூஸ் பண்ணுவாங்க?"

"நான்தான்" என்றார் அத்தை.

அவர் அத்தையைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். எத்தனை அங்குலம், ஒரே நேரத்தில் எத்தனை விரல் தொடலாம், எத்தனை வருஷம் உழைக்கும். அத்தை அவர் கையிலிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தாளு துடைக்கற துடைப்புக்கு நம்ம கடையில வேலை போட்டுக் குடுக்கலாம்" என்றார் என் காதோரம்.

பெட்டியை இணைத்தேன். முதல் திரையில் எங்கள் படங்கள் வந்தன. ஒரே வரிசை. சட்டை, பேன்ட், கோட்டு, போர்வை, திரைச்சீலை. எல்லாம் விரல் அகலத்தில், நெருக்கமாக. என் மனைவி வரைந்து போட்டவை. அத்தைக்கு எழுத்து தட்டத் தெரியாது. அதற்காகவே அவள் தொடுதிரை வாங்கினாள், அதற்காகவே படம் வரைந்தாள். கோட்டுக்கு மட்டும் மூன்று பொத்தான். இரண்டு போதாதா என்று கேட்டதற்கு மூன்றாவது அழகுக்கு என்றாள்.

"ம், கோட்டு போடும்மா" என்றான் சின்னவன்.

அத்தை தொட்டார். பேன்ட் விழுந்தது.

"மறுபடி."

பேன்ட்.

"சட்டை போடு, அது ஈஸி."

அத்தை தொட்டார். ஒன்றுமே விழவில்லை. விற்பனையாளர் துடைத்தார்.

"இது சரியில்ல. வேற காட்டுங்க" என்றார் அத்தை.

இரண்டாவது திரை பெரியது. போர்வைக்குக் கோட்டு விழுந்தது. மூன்றாவது, ஈரக் கைக்கானது. அத்தை விரலை முந்தானையில் துடைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு திரைச்சீலையைத் தொட்டார். போர்வை. பதற்றத்தில் இன்னும் தள்ளித் தொட்டார். கோட்டு.

"அம்மா, கண்ணாடி போட்டுக்கிட்டுத் தொடுங்க" என்றார் விற்பனையாளர்.

"போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"கை நடுங்குதோ?"

"என் கை எதுக்கு நடுங்கும்? இருபத்தஞ்சு வருஷமா இஸ்திரிப் பெட்டி புடிச்ச கை."

ஆனால் அப்போது நடுங்கியது. நானும் பார்த்தேன். சின்னவனும் பார்த்தான். அவன் முகத்தில் ஜெயித்த களை இல்லை. என் மனைவி படுத்திருந்த மருத்துவமனை வராந்தாவில் நின்றபோது இருந்த அதே முகம்.

"விடும்மா. வயசாச்சு. ஒண்ணும் குத்தமில்ல" என்றான் மெதுவாக.

அத்தை அவனைப் பார்க்காமலே இன்னொரு முறை தொட்டார். தப்பு. விரலை மடக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டார். ஒரு வாடிக்கையாளர் எங்களைத் தாண்டிப் போனார். அவர் போகும்வரை காத்திருந்து, இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

"இந்தா. நீயே வச்சுக்க."

"இப்ப வேணாம்மா. வீட்ல போயி..."

"புடிடா. சொன்ன சொல்லு சொல்லுதான்."

அவன் வாங்கிக்கொண்டான். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பத்து மாதமாக எனக்கு வார்த்தைகள் தாமதமாகத்தான் வருகின்றன. வருவதற்குள் பேச்சு முடிந்துவிடுகிறது.

கிளம்பலாம் என்று எங்கள் நிரலை மூடப் போனேன். வலது மூலையில் கதவுப் படம். தொட்டால் மூடிக்கொள்ளும். தொட்டேன். மூடவில்லை. பக்கத்திலிருந்த ரசீதுப் படம் விரிந்தது.

மறுபடி தொட்டேன். மறுபடி ரசீது.

என் விரலைப் பார்த்தேன். அது கதவின் மேல் இல்லை. கதவுக்கு இடப்பக்கம், ஒரு விரல் தள்ளி இருந்தது.

"டேய், நீ வந்து கோட்டு போடு" என்றேன்.

"என்ன மாமா இப்ப?"

"போடுடா."

தொட்டான். பேன்ட்.

"ஐய." மறுபடி தொட்டான். பேன்ட். கையை உதறிவிட்டுத் தன் கைப்பேசியை எடுத்து எதையோ தொட்டுப் பார்த்தான். அது சரியாகத் திறந்தது. திரும்பவும் கோட்டு. பேன்ட்.

விற்பனையாளர் துடைப்பதை நிறுத்தினார். "இருங்க இருங்க. மூணு பேரும் ஒரே மாதிரி தப்பு பண்றீங்களே! படம் இங்க இருக்கு, நீங்க அங்க தொடுறீங்க."

"அப்படித்தானே தொடணும்?" என்றார் அத்தை. "ஒரு விரல் இந்தப் பக்கம் தள்ளி."

"யாரும்மா சொன்னது?"

"டச் ஸ்கிரீன்னா அப்படித்தானே?"

அத்தையிடம் இருப்பது பொத்தான் வைத்த கைப்பேசி. வாழ்நாளில் அவர் தொட்ட ஒரே திரை எங்கள் திரை. அதில் கோட்டு வேண்டுமென்றால் பேன்ட்டைத்தான் தொட வேண்டும். இரண்டு வருடப் பழக்கம். சின்னவனும் நானும் கைப்பேசியில் ஒழுங்காகத் தொடுகிறோம். அந்த மூன்று பொத்தான் கோட்டைப் பார்த்ததும் விரல் தானாகத் தள்ளிப் போய்விடுகிறது.

முதலில் சிரித்தது சின்னவன். பிறகு அத்தை. திரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விற்பனையாளர் எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"வயசாச்சாம்! உனக்கு எத்தனை வயசுடா ஆச்சு?"

"சரிம்மா, சரிம்மா."

"மாப்பிள்ளை காலேஜ்ல பாடம் எடுக்கறாரு. அவரும் பேன்ட்டுதான் போடறாரு!"

நானும் சிரித்தேன். சிரிப்பு எப்படி வரும் என்பது முகத்துக்கு நினைவிருந்தது.

"பழைய செட்ல கண்ணாடி தனியா ஒட்டினதா?" என்று கேட்டார் விற்பனையாளர்.

"ஆமா. தடிமனா இருக்கும். நடுவுல இடைவெளி."

"அதான். அந்த மாதிரிக்கு ஆரம்பத்துல திரையில வர்ற புள்ளிகளைத் தொட்டு, எங்க தொட்டா எதுன்னு பழக்கி வைக்கணும். யாரோ நேரா உக்காராம, பக்கவாட்டுல இருந்து பாத்துத் தொட்டு வச்சிருக்காங்க. ஓரமா பாத்தா கண்ணாடிக்குப் பின்னால இருக்கற புள்ளி தள்ளித் தெரியும்ல?"

"கோழி!" என்றார் அத்தை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நம்ம கோழிதாண்டா! அவ பார்வைக்கு வச்சிருக்கா!"

அதோடு என் சிரிப்பு நின்றது.

கோழி என்றால் என் மனைவி. பேர் வைத்தது அத்தை. இரண்டு வருடத்துக்கு முன்னால் திடீரென்று அவள் முக்காலியை இடப்பக்கம் தள்ளிப் போட்டு உட்கார ஆரம்பித்தாள். முகத்தை ஒரு பக்கம் திருப்பி, ஓரக்கண்ணால் திரையைப் பார்ப்பாள். டிவியையும் அப்படித்தான். என்னையும் அப்படித்தான். "என்னடி, கோழி மாதிரி பாக்குற?" என்று அத்தை கேட்டார். வீடே அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டது. நானும் கூப்பிட்டேன்.

திரை வாங்கியதும் அந்தச் சமயத்தில்தான்; அது தப்பாக வேலை செய்கிறது என்று அவளிடம் சண்டை போட்டோம். "எனக்குச் சரியாத்தான் வருது. நீங்கதான் தப்பா தொடுறீங்க" என்றாள். மூன்று பேருக்கு ஒருத்தி. அவள் விடவில்லை. நாங்கள்தான் தள்ளித் தொடப் பழகினோம்.

அளக்கும்போது கண்ணை நேராக வை, பக்கவாட்டில் பார்த்தால் இடமாறு தோற்றப் பிழை வரும். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் நான் சொல்வது இது. எட்டு வருடமாகச் சொல்கிறேன். அளவு தப்பினால் பார்த்தவன் எங்கே நின்றான் என்று முதலில் கேள் என்பதும் அதே வகுப்பில்தான்.

அவள் ஏன் அங்கே உட்கார்ந்தாள் என்று நான் கேட்கவில்லை. மூளையில் வளர்ந்த கட்டி கண்ணின் நரம்பை அழுத்தியிருக்கிறது, நேராகப் பார்த்தால் இரண்டாகத் தெரிந்திருக்கும், அதனால் திரும்பித் திரும்பிப் பார்த்திருப்பார் என்று மருத்துவர் பின்னால் சொன்னார். என்னிடம் தனியாக. எவ்வளவு நாளாக என்று கேட்டார். தெரியாது என்றேன். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்து அவர் முடிக்கவில்லை. இதை நான் அத்தையிடம் சொன்னதில்லை. "ஒரு அறிகுறிகூடக் காட்டாம போயிட்டாளே. காட்டியிருந்தா விட்டிருப்போமா?" என்று அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்திருக்கிறார்.

"இதை நேரா வச்சுடலாம்மா. ரெண்டு நாள்ல பழகிடும்" என்றார் விற்பனையாளர்.

"வேணாம். அவ வச்ச மாதிரியே வச்சுக் குடுங்க."

"கோணலாவா?"

"என் விரலுக்கு அதுதான் நேரு."

விற்பனையாளர் என்னைப் பார்த்தார். "வீட்ல போயி வச்சுக்கலாம் சார். செட்டிங்ஸ்ல போனா கூட்டல் குறி ஒவ்வொண்ணா வரும். பதினாறு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு விரல் தள்ளித் தொடுங்க." பிறகு, தனக்குத் தானே: "முப்பது வருஷத்துல யாரும் இப்படிக் கேட்டதில்ல."

---

மூன்று மணிக்குக் கடைக்குத் திரும்பினோம். அத்தை வெளியே காத்திருந்த இரண்டு பேரின் துணியை வாங்கிக் காகிதத்தில் குறித்துக்கொண்டிருந்தார். சின்னவன் புதுத் திரையைப் பெட்டியிலிருந்து பிரித்தான். நான் பழையதைக் கழற்ற மேசைக்கு அடியில் குனிந்தேன்.

பின்பக்கம் இரண்டு வருடத் தூசி. பஞ்சுப் பிசிறு. சட்டை முழுக்க அப்பியது. கம்பியைப் பிடித்து இழுத்தபோது நூல் தட்டுப்பட்டது.

டேக்.

துணியில் கட்டுகிற சின்னத் துணிப்பட்டை. என் மனைவி எதற்கும் டேக் கட்டுவாள். குடைக்கு, குளிர்பெட்டிக்கு, என் சைக்கிளுக்கு. என்றைக்கு வாங்கியது, என்றைக்குப் பழுது பார்த்தது என்று எழுதி வைப்பாள். இதையும் கம்பியில் நூலால் கட்டியிருந்தாள். முடிச்சு மாறாமல் இருந்தது.

மேலே தேதி. மருத்துவமனைக்குப் போனதற்கு எட்டு மாதம் முந்தையது. கீழே அவள் கையெழுத்து, பொடியாக:

மறுபடி தொட்டு வைத்தேன். எனக்கு மட்டும்தான் சரி. கண் காட்டணும். அம்மாவிடம் சொல்லக் கூடாது.

மேசைக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் இருந்தேன்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கண் காட்டினாளா? காட்டியிருந்தால் யாரிடம்? யாரிடமாவது சொன்னாளா? என்னிடம் இல்லை. எட்டு மாதம் நாங்கள் கோழி என்று கூப்பிட்டோம். அவள் திரும்பிப் பார்த்தாள். ஓரக்கண்ணால்.

"மாமா, தூங்கிட்டீங்களா அடியில?"

"வர்றேன்."

"என்ன அது கையில?" என்றார் அத்தை.

"பழைய டேக்."

சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

புதுத் திரையில் கூட்டல் குறி வந்தது. இடது மேல் மூலை. சின்னவன் ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம் நின்றார்கள். நேராகத் தொட்டால் திரை நேராக இருக்கும். அத்தையின் விரல் தப்பும். சாவி சின்னவன் பையிலேயே தங்கிவிடும். தள்ளித் தொட்டால் அவளுடைய நோய் இந்தத் திரைக்கும் வரும். தினமும் காலை எட்டு மணிக்கு அதை நாங்களே மின்சாரம் கொடுத்து எழுப்புவோம்.

ஒரு விரல் தள்ளித் தொட்டேன்.

பதினாறு முறை. ஒவ்வொரு குறியாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் தப்பான இடத்தைச் சரியாகத் தொட்டேன்.

"இப்ப பாருங்க அத்தை."

காத்திருந்தவர்களில் ஒருவர் கோட்டு கொண்டுவந்திருந்தார். அத்தை தொட்டார். கோட்டு. மூன்று பொத்தானும் பளிச்சென்று தெரிந்தன. அடுத்தவருக்கு நாலு சட்டை, ஒரு திரைச்சீலை. தட், தட், தட். திரையைப் பார்க்காமல், வந்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ரசீது போட்டார். "காலர்ல கறை இருக்கு. போகும்னு சொல்லமாட்டேன், போக வைக்கப் பாக்கறேன்" என்றார்.

சின்னவன் பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"நாளைக்கு ஏழு மணி பஸ்சுக்குக் கிளம்பறேம்மா."

"சாப்பிட்டுட்டுப் போ."

"கால்வலி மாத்திரைய நிறுத்தாத."

"நீ முதல்ல கோட்டுக்கும் பேன்ட்டுக்கும் வித்தியாசம் கத்துக்க."

அவன் சிரித்துக்கொண்டே வெளியே போனான். அத்தை சாவியை எடுத்து இடுப்பில் செருகினார். திரையின் விளிம்பைத் தடவினார். அதே சமயம் என் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை, என்ன சட்டை இது? பூரா தூசி. கழட்டுங்க."

"நாளைக்குப் பாத்துக்கலாம் அத்தை."

"லாண்டரி வீட்டு மாப்பிள்ளை இப்படி நின்னா வர்றவங்க என்ன நினைப்பாங்க? கழட்டுங்க, இப்ப மிஷின் போடப் போறேன்."

பத்து மாதத்தில் முதல் தடவையாக அவர் குரலில் பழைய அதட்டல். கழற்றிக் கொடுத்தேன். மாடியேறினேன். முகம் கழுவினேன். துண்டை எடுத்துத் துடைத்தேன். வேறு சட்டையை மாட்டிக்கொண்டு, பேனாவுக்காகக் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனேன்.

பை காலி.

அத்தை எந்தச் சட்டையையும் பை பார்க்காமல் தண்ணீரில் போட்டதில்லை. மேல் பை, பக்கப் பை, பிறகு உள்பக்கத்தை வெளியே இழுத்து ஒரு உதறு. இருபத்தைந்து வருடப் பழக்கம். அப்படியே தப்பிப்போய்த் தண்ணீருக்குள் போனாலும் பயனில்லை. டேக்கில் எழுதுவது சலவை மை. எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

படியில் பாதி இறங்கி நின்றேன்.

மிஷின் மூடி திறந்த சத்தம் முன்பே கேட்டிருந்தது. மூடிய சத்தம் கேட்கவில்லை. தண்ணீர் விழவில்லை.

"மாப்பிள்ளை" என்று கீழேயிருந்து அத்தை கூப்பிட்டார். அதட்டல் இல்லாத குரலில்.